சப் சென்டருக்குப் புதிதாக வரும் நர்ஸம்மாவுக்கு

பணி ஆணை கையில் இருக்கும். சப் சென்டர் சாவியைப் பக்கத்து வீட்டுப் பாட்டி முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பார். திறந்தால் ஒரு மேசை, எடை மிஷின், பரிசோதனைக் கட்டில், பீரோ நிறையப் பதிவேடுகள். பத்து நிமிடத்தில் "புது நர்ஸம்மா வந்திருக்காங்க" என்று தெருவுக்கே தெரிந்து, யாராவது தலைவலிக்கு மாத்திரை கேட்டு வாசலில் நிற்பார்கள். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் அடுத்து என்ன செய்வதென்று விளங்காது. எனக்கு முதல் நாள் அப்படித்தான் போனது. நிலக்கோட்டைப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். முதல் சில மாதங்களை எப்படி ஓட்டுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் (அதுதான் சப் சென்டர்), மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசுக் கணக்கு. இந்த ஐயாயிரம் பேரில் இன்று உங்களைத் தேடி வருபவர் இருபது பேர் இருந்தால் அதிகம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இருபது பேரைப் பார்த்து முடித்ததும் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் சம்பளம் தருவது மீதிப் பேருக்காக. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இந்த உத்தியோகம்.

போலியோவை அப்படித்தான் விரட்டினார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சொட்டு மருந்துக் குழுவினர் வீடு வீடாகப் போய் சுவரில் சாக்பீஸால் குறி போடுவார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் 'பி'. ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தாலும் 'எக்ஸ்'. அப்புறம் எக்ஸ் போட்ட வீடுகளைத் தேடித் தேடித் திரும்பப் போனார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததோடு நாட்டில் அந்தக் கிருமியின் கதை முடிந்தது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. உங்கள் பதிவேட்டில் காலியாக இருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: நடந்து பாருங்கள், வரைந்து வையுங்கள்

முதல் ஐந்து நாள் ஊசி, மாத்திரை எல்லாம் அவசரத்துக்கு மட்டும். காலையில் ஒரு நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டிலோடு கிளம்பி ஊரைச் சுற்றி வாருங்கள். பீரோவில் பழைய வரைபடம் இருக்கும், அதை நம்ப வேண்டாம். அதில் இல்லாத தெரு இரண்டாவது முளைத்திருக்கும்.

வரைபடத்தில் முதலில் தண்ணீரைக் குறியுங்கள்: மேல்நிலைத் தொட்டி, கிணறு, அடிபம்பு, குழாய் போகும் பாதை, வால்வு குழி, கடைசிக் குழாய் எந்த வீட்டு வாசலில் இருக்கிறது என்பது வரை. பிறகு அங்கன்வாடி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை. அப்புறம் யாரும் குறிக்காத இடங்கள்: செங்கல் சூளை, கோழிப்பண்ணை, கட்டடம் எழும்பும் இடம், தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் இரண்டு வீடு. சூளையில் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் வேறெங்கோ என்பதால் இரண்டு ஊர் நர்ஸும் அவர்களை மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஊர்த் தெருவில் தொடங்கிக் கடைசியில் காலனிக்குப் போவது பலரின் வழக்கம். நீங்கள் காலனியில் தொடங்குங்கள். அன்றைக்கு வெயில் ஏறி நடை தளர்ந்தாலும் விட்டுப்போவது ஊர்த் தெருவாக இருக்கட்டும், அவர்கள் எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடுவார்கள்.

அந்த வாரமே அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவர்கள்: அங்கன்வாடி ஊழியர், ஊராட்சி செயலர், தொட்டி ஆபரேட்டர், சுகாதார ஆய்வாளர், மகளிர் குழுத் தலைவி, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர். இவர்களில் தொட்டி ஆபரேட்டரைத்தான் பெரும்பாலோர் மறப்பார்கள். ஊரில் வாந்திபேதி வந்தால் முதலில் தேவைப்படுபவர் அவர்.

தடுப்பைப் பாடத்தில் மூன்று நிலையாகப் படித்திருப்பீர்கள். ஒரே வீட்டில் மூன்றும் இருக்கும். பேரனுக்குத் தடுப்பூசி, அது நோய் வருமுன் காப்பது. நாற்பது வயது அப்பாவுக்கு சுகர் பார்த்துத் தொடக்கத்திலேயே பிடிப்பது இரண்டாவது. பல வருட சுகரில் பாதம் மரத்துப்போன தாத்தாவைத் தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி, புண் முற்றி விரலை எடுக்கும் நிலைக்குப் போகாமல் காப்பது மூன்றாவது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று பேரையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு நடை என்றால் செருப்புதான் தேயும்.

வீட்டுக்குள் போகும்போது

எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் அதிகம். பெண்கள் விடியுமுன்பே பூப்பறிக்கப் போய்விட்டு ஒன்பது, பத்து மணிக்குத் திரும்புவார்கள். காலை எட்டு மணிக்குப் போய், "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதினால் அது என் தப்பு, அந்த வீட்டின் தப்பில்லை. உங்கள் ஊரில் நூறு நாள் வேலையா, மில் ஷிப்டா, ஆடு மேய்ப்பா என்று பார்த்து நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பையை ஒழுங்காக அடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சோப்பு, துண்டு, பழைய செய்தித்தாள் மேலே. உள்ளே பி.பி. கருவி, தெர்மாமீட்டர், ஹீமோகுளோபின் பார்க்கும் பொருள்கள், அளவு நாடா, பஞ்சு, மாத்திரைகள். வீட்டில் தாளை விரித்து அதன்மேல் பையை வைத்து, சோப்பை எடுத்துக் கை கழுவிய பிறகுதான் பைக்குள் கை விட வேண்டும். பயன்படுத்தியதைத் துடைக்காமல் உள்ளே போடக் கூடாது. ஒரு வீட்டுச் சொறி சிரங்கை அடுத்த வீட்டுக்குச் சுமந்து போகாமலிருக்கத்தான் இவ்வளவும்.

பதிவேட்டை எடுத்ததும் மடமடவென்று கேள்வி கேட்காதீர்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அந்த வீட்டில் மாமியார் இருந்தால் முதல் பேச்சு அவரோடு. மருமகளிடம் நீங்கள் சொல்வதில் பாதி, மாமியார் தலையாட்டினால்தான் நடக்கும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தும் போன மாதம் ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 9.2, இந்த மாதம் 8.8. "மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்றால் "சாப்பிடுறேன்க்கா" என்கிறாள். மூன்று மாதமாக இதே பதில். "அட்டையைக் கொண்டு வா பார்ப்போம்" என்றேன். தயங்கித் தயங்கி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து நான்கு அட்டையை எடுத்து வந்தாள். ஒன்றில் இரண்டு மாத்திரை குறைந்திருந்தது, மற்ற மூன்றும் பிரிக்கவே இல்லை. மாமியார்தான் பேசினார்: "அதைத் தின்னா பிள்ளை பெருத்துப் போகும், சுகப் பிரசவம் ஆகாதுன்னாங்க நர்ஸம்மா. இவளுக்கு வேற கறுப்பா வெளிய போகுது, பயந்துட்டா." நான் அந்த மாத்திரையைக் கொடுத்தபோது மலம் கறுப்பாகும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் பயந்து நிறுத்தியதற்கு நான்தான் காரணம்.

அன்றிலிருந்து மாத்திரை கொடுக்கும்போதே நான்கு விஷயம் சொல்லிவிடுவேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடு. டீ, காபியோடு வேண்டாம், அது சத்தை உடம்பில் சேர விடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள். மலம் கறுப்பாகும், அது நல்லதுதான். அடுத்த முறை போகும்போது "சாப்பிட்டாயா" என்று கேட்பதில்லை. "கறுப்பா போகுதா?" என்று கேட்பேன். அதில் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

கர்ப்பிணிப் பதிவு

பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பிக்மி நம்பர், அதாவது அரசுக் கணினியில் கர்ப்பிணியைப் பதிந்ததும் கிடைக்கும் எண், வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை. பிறப்புச் சான்றிதழுக்கும், முதல் இரண்டு பேறுக்குக் கிடைக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அது வேண்டும். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் பெறுமானமுள்ள உதவி என்பதால் அதற்காகவே சீக்கிரம் வருபவர்களும் உண்டு. வரட்டும், எப்படி வந்தாலும் நல்லது.

தேதி கேட்டால் பலருக்கு நினைவிருக்காது, பண்டிகை நினைவிருக்கும். "ஆடிப்பெருக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி தலைக்கு ஊத்துனேன்" என்பார்கள். அந்த வருடம் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்றால் கடைசி மாதவிலக்கின் முதல் நாள் ஆகஸ்ட் 1. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 8. தமிழ்க் காலண்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேனுக்கு முன்பே தேதி ஓரளவு கைக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் எடை, பி.பி., ஹீமோகுளோபின், சிறுநீர், வயிற்றின் உயரம், குழந்தையின் துடிப்பு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை. பி.பி. 140/90-ஐத் தொட்டாலே மருத்துவ அலுவலருக்குப் போன் போக வேண்டும். அதோடு தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முக வீக்கம் எதுவும் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், நாளை காலை பார்க்கலாம் என்று விடாதீர்கள். உதிரப்போக்கும், பிள்ளை அசைவு குறைவதும் அப்படித்தான். ரணஜன்னிக்கான டி.டி. ஊசி பதிவின்போது ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. மூன்று வருடத்துக்குள் முந்தைய பேறுக்கு இரண்டும் போட்டவருக்கு ஒரு பூஸ்டர் போதும்.

இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது, பாடப் புத்தகத்தில் இருக்காது. ஏழாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். உங்கள் பட்டியலில் "தாய்வீடு சென்றுள்ளார்" என்று எழுதி மூடிவிடுவீர்கள். அந்த ஊர் நர்ஸின் பட்டியலில் அவள் பெயரே இருக்காது. பி.பி. ஏறக்கூடிய அந்தக் கடைசி இரண்டு மாதம் அவளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் வளைகாப்புத் தேதியை முன்கூட்டியே கேட்டுவைத்து, தாய்வீட்டு ஊரின் நர்ஸ் நம்பரைப் பிடித்து, பெண் பெயர், பிக்மி நம்பர், கடைசி பி.பி. மூன்றையும் சொல்லுங்கள். அதே போல உங்கள் ஊருக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் மகள்கள் யார் யார் என்று அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை கேளுங்கள். வளைகாப்புக்கு அழைப்பு வந்தால் போய்வாருங்கள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு, தகவலுக்குத் தகவல்.

பிறந்த குழந்தை வீட்டுக்கு வந்ததும் சேனை வைக்கிறேன் என்று யாராவது சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். உரை மருந்து உரசிக் கொடுப்பார்கள். எங்காவது கழுதைப்பாலும் உண்டு. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மாமியாரிடம் பேசி முடித்துவிட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும். தொப்புளில் எதையும் தடவாமல் காய விடச் சொல்லுங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தை, நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும் மூச்சு வாங்கும் குழந்தை, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

புதன்கிழமை

தடுப்பூசி நாள் புதன். அதற்கான வேலை செவ்வாய் மாலையே தொடங்கிவிடுகிறது. யார் யாருக்கு என்ன தவணை என்று பட்டியல் எழுதி, அங்கன்வாடிக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

அட்டவணை மனப்பாடமாக இருக்க வேண்டும். பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் மூன்றிலும் ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா, போலியோ சொட்டு, பேதிக்கான ரோட்டா சொட்டு. இவற்றில் முதல் தவணையிலும் மூன்றாவதிலும் போலியோ ஊசியும் நிமோனியாவுக்கான பி.சி.வி.யும் கூடச் சேரும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர்., பி.சி.வி. பூஸ்டர், போலியோ ஊசியின் மூன்றாவது தவணை, வைட்டமின் ஏ. பதினாறு மாதத்திலிருந்து எம்.ஆர். இரண்டாவது, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான டி.பி.டி. பூஸ்டர், போலியோ சொட்டு. ஐந்து வயதில் டி.பி.டி., பத்திலும் பதினாறிலும் டி.டி.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சூடாகிவிடுமோ என்று பயப்படுபவர்கள்தான் அதிகம், உறைந்துபோவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பென்டா, டி.டி., டி.பி.டி., ஹெபடைடிஸ் பி எல்லாம் உறைந்தால் வீண். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்து கொண்டுபோகும் கேரியரில் வைக்காதீர்கள். வெளியே வைத்து, மேலே நீர் முத்துமுத்தாக வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுங்கள். பிறகு நான்கு பேக்கையும் சுற்றிவர நிறுத்தி, மருந்துக் குப்பிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நடுவில் வையுங்கள். ஒருமுறை அவசரத்தில் பொறுக்காமல் அடுக்கிக்கொண்டு போய்விட்டேன். அங்கன்வாடியில் திறந்தால் பென்டா குப்பி கல் மாதிரி இருந்தது. பதினோரு தாய்மார்களை வெயிலில் உட்கார வைத்துவிட்டு வேறு மருந்துக்கு ஆளனுப்பினேன். அதில் மூன்று பேர் காத்திருக்க முடியாமல் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த மூன்று குழந்தைகளுக்கும் ஊசி போட்டு முடிக்க இரண்டு வாரம் அலைந்தேன்.

குப்பியின்மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ தூர வைத்துவிடுங்கள். இந்தக் குறி சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. அதற்குக் கண்தான் சாட்சி.

பி.சி.ஜி.யும் எம்.ஆரும் பொடியாக வரும். அந்தந்த மருந்தோடு வந்த கரைசலில்தான் கலக்க வேண்டும், கலந்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் அதைத் தொடக் கூடாது. "இன்னும் ரெண்டு டோஸ் இருக்கே, சாயங்காலம் ஒரு குழந்தை வருது" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். கலந்து வைத்த குப்பியில் கிருமி வளர்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மறுபக்கம், ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியை உடைத்துப் போட்டுவிடுங்கள். மருந்து வீணாகிறதே என்று அனுப்பிவிட்ட குழந்தை அடுத்த வாரம் வருமென்று நிச்சயமில்லை.

பி.சி.ஜி. இடது தோளில் தோலுக்குள், பென்டா இடது தொடையின் வெளிப்பக்கம், பி.சி.வி. வலது தொடை, எம்.ஆர். வலது கை மேல்புறம் தோலுக்கடியில். இடம் மாறாமல் போட்டால் பின்னால் வீக்கமோ கட்டியோ வந்தால் எந்த மருந்தால் என்று தெரியும். லேசான சளி, லேசான பேதிக்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. ஊசிக்கு மூடி திரும்பப் போடாதீர்கள், கட்டரில் வெட்டுங்கள்.

போட்டு முடித்ததும் தாயிடம் நான்கு சொல்ல வேண்டும். எந்தத் தடுப்பூசி, எந்த நோய்க்கு. என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்து எப்போது. அட்டையைப் பத்திரமாக வை. பென்டாவுக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்க்க வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரத்தில் கொப்புளம் கிளம்பி உடைந்து தழும்பாகும், மருந்து எதுவும் வைக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த தவணைக்கு ஆள் வராது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துவிட்டு அனுப்புங்கள். திடீர் ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலின் ஊசிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், டோஸ் அட்டை அதற்குள்ளேயே.

மாலையில் கேரியரைத் திருப்பி அனுப்பிய பிறகு பட்டியலை எடுங்கள். இருபத்திரண்டு பேரில் பதினெட்டு பேர் வந்திருப்பார்கள். மீதி நான்கு பெயரையும் தனியாக எழுதி, அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதுங்கள். ஊருக்குப் போயிருக்கிறார்கள், போன தடவை காய்ச்சல் வந்ததால் அப்பா வேண்டாமென்கிறார், கோயில் காப்பு கட்டியிருக்கிறது, தெரியவில்லை. "தெரியவில்லை" என்று எழுதிய வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

ஒரே தெருவில் மூன்று வீட்டில் ஒரே நோய் வந்தால்

ஒரு தெருவில் ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் பேதி என்றால் சாப்பாட்டைக் கேட்பதற்கு முன் உங்கள் வரைபடத்தை எடுங்கள். 1854-இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, எல்லாம் ஒரே அடிபம்பைச் சுற்றி இருப்பதைக் கண்டுபிடித்தார். காலராக் கிருமியை அப்போது யாரும் உறுதிப்படுத்தவில்லை. நமக்கும் அந்தப் புள்ளி வைக்கும் வேலை போதும். எந்தக் குழாய், எந்த வால்வு என்று பாருங்கள். வால்வு குழிக்குள் சாக்கடை தேங்கி, தண்ணீர் விடாத நேரத்தில் அது குழாய்க்குள் இழுபடுவது அடிக்கடி நடப்பது.

அப்புறம் கடைசிக் குழாயில் குளோரின் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால் மஞ்சளாக மாற வேண்டும், குறைந்தது 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். தொட்டியடியில் பார்த்துவிட்டு "சரி" என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லிவிடுங்கள். இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று காத்திருந்தால் இருபது பேர் வருவார்கள்.

பேதி வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு டம்ளரில் கால் பொட்டலம் என்று கணக்குப் போட்டால் உப்பு கூடிவிடும், அதனால் லிட்டர் பாட்டிலை நீங்களே காட்டிக் கலந்து கொடுங்கள். கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள், பேதி நின்ற பிறகும். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. கண் குழிவிழுந்து, குடிக்க முடியாமல், சோர்ந்து கிடந்தாலோ ரத்தம் போனாலோ ஆஸ்பத்திரி.

காய்ச்சல் என்றால் கொசு. டெங்கு கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்தால் அது வளர வழியில்லை. கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வீட்டில் போய் "கொசு இருக்கா" என்று கேட்காதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்: சிமென்ட் தொட்டி, பயன்படுத்தாத ஆட்டுக்கல், ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை. துள்ளும் புழுவை ஒரு டம்ளரில் மொண்டு அந்த வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். பத்து நோட்டீஸ் செய்யாததை அது செய்யும்.

டெங்குக்காரருக்குக் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போகிறேன் என்பார்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் இருந்தால் உடனே அனுப்புங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. நிலவேம்பு குடிக்கிறேன் என்பவரோடு சண்டை போடாமல், கஞ்சியும் இளநீரும் சேர்த்துக் குடித்து, ரத்தப் பரிசோதனைக்கும் வரச் சொன்னால் போதும்.

கண்ணில் பட்டால் விடக் கூடாத சில

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, அதில் ஒன்று காலை எழுந்ததும் எடுத்த சளி. காசநோய் உறுதியானால் ஆறு மாத மருந்து. இரண்டாவது மாதம் உடம்பு தேறியதும் நிறுத்திவிடுவார்கள், அந்த மாதம் அடிக்கடி போங்கள். 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது, கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதே வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அதற்கும் பரிசோதனை, தடுப்பு மருந்து.

வெளுத்த தேமல், தொட்டால் உணர்ச்சியில்லை என்றால் தொழுநோயா என்று காட்ட வேண்டும். மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். காபித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. ஊசி 0, 3, 7, 28-ஆவது நாள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஆள் காணாமல் போவார், அவர் பெயரையும் உங்கள் வராதவர் பட்டியலில் எழுதுங்கள்.

பதிவேடு

அன்றன்றைக்கு எழுதுங்கள். எடுக்காத பி.பி.யை எழுதாதீர்கள். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாக 120/80, 110/70 என்றே இருக்கும். ஓர் ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே பி.பி. இருக்காது. எடுக்கவில்லையென்றால் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் போக வேண்டுமென்று தோன்றும், பொய்யாக நிரப்பிய கட்டத்தைப் பார்த்து யாரும் போக மாட்டார்கள்.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தனியாக வைத்திருந்தேன். தடுப்பூசிக்கு வராத குழந்தை, தாய்வீடு போன கர்ப்பிணி, மருந்தை நிறுத்திய காசநோயாளி, நான்காவது ஊசி போடாத நாய்க்கடிக்காரர் எல்லோரும் அந்த ஒரே பக்கத்தில், பென்சிலில். வந்துவிட்டால் அழிப்பேன். நீங்கள் லீவில் போகும்போது அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பொறுப்பு பார்க்கும் நர்ஸுக்கு அனுப்பிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.